சுவரைப் பார்த்து அமர்ந்திருந்த நாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னை ஆதம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் கணவர், பத்து வயது மகள், எழுபதைக் கடந்த மாமியார் ஆகியோருடன் வசிக்கிறேன். மகளின் நெடுநாள் ஆசைக்காக விலங்குகள் காப்பகம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். சிறிய வெள்ளை நாய் ஒன்று எங்களுக்குப் பிடித்திருந்தது. நான்கு வயது இருக்கலாம் என்றும், யாரோ சாலையோரத்தில் விட்டுச் சென்றது என்றும் சொன்னார்கள். ஆனால் நாங்கள் நின்றிருந்த நேரம் முழுவதும் அது சுவரைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தது. "ஒருவர் வேண்டாம் என்று விட்ட நாயில் ஏதோ குறை இருக்கும், குட்டியாக எடுத்தால்தான் ஒட்டும்" என்கிறார் மாமியார். காப்பகத்தினர் கேட்ட கேள்விகளும், வீட்டைப் பார்க்க வருவோம் என்றதும் கணவருக்குச் சங்கடமாக இருந்தன. தீபாவளிக்குள் நாய் வந்துவிட வேண்டும் என்கிறாள் மகள். உங்கள் கருத்து என்ன?

எஸ்

அன்புள்ள எஸ்,

அந்த நான்கு வயது நாயையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆனால் முடிவு செய்யுமுன் இன்னொரு முறை சென்று பாருங்கள். தீபாவளி முடிந்த பிறகே வீட்டுக்கு அழைத்து வாருங்கள். புது இடத்துக்கு வந்த சில நாட்களிலேயே வெடிச்சத்தம் கேட்கும் நாய், கதவு சற்றுத் திறந்தாலும் ஓடிவிடும். திரும்பி வருவதற்கு அதற்கு உங்கள் தெருவும் தெரியாது, உங்கள் குரலும் தெரியாது.

அது சுவரைப் பார்த்து அமர்ந்திருந்ததை நீங்கள் வெறுப்பு என்றோ நோய் என்றோ எடுத்துக்கொண்டிருக்கலாம். காப்பகத்தில் பகல் முழுவதும் பக்கத்துக் கூண்டுகளின் குரைப்பு ஓயாது. புதிய காலடி ஓசை கேட்டால் அது இரட்டிப்பாகும். வீட்டில் வளர்ந்த சிறிய நாய் அந்த இரைச்சலைக் குறைத்துக்கொள்ளத் தானாகக் கண்டுபிடித்த வழியாகவும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வது இருக்கலாம். அடுத்த முறை செல்லும்போது அதைக் கூண்டிலிருந்து வெளியே, அமைதியான ஓரிடத்தில் பார்க்க அனுமதி கேளுங்கள். நேராக எதிரில் நின்று தலைக்கு மேல் கை நீட்டாமல், பக்கவாட்டில் தரையில் அமர்ந்து, அதன் கண்ணைப் பார்க்காமல் உங்களுக்குள் பேசிக்கொண்டிருங்கள். உணவு எதுவும் இல்லாதபோதும் உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, வாலைக் காலுக்கிடையே ஒடுக்குவது ஆகியவை அச்சத்தின் அடையாளங்கள். ஆனால் நீங்கள் வேறு பக்கம் திரும்பியிருக்கும்போது அது மெல்ல வந்து உங்கள் செருப்பை முகர்ந்து பார்த்தால், அந்த நாயோடு வாழ முடியும் என்று நம்பலாம். நாள்தோறும் அதற்குச் சோறு வைப்பவரிடமும் பேசுங்கள். அலுவலகத்தில் இருக்கும் கோப்பைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

இதைவிட முக்கியமான சோதனை வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கும். எங்கள் வீட்டில் இருப்பதும் காப்பகத்திலிருந்து வந்த நாய்தான். முதல் சில நாட்கள் அது பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலான சந்திலேயே கிடந்தது. விளக்கை அணைத்த பிறகே தட்டில் வாய் வைத்தது. அந்தக் கட்டத்தைப் பெரும்பாலான குடும்பங்கள் பொறுத்துக்கொள்கின்றன, ஏனென்றால் ஒடுங்கிக் கிடக்கும் நாயிடம் இரக்கம் தோன்றுவது இயல்பு. சிக்கல் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு வருகிறது. அழைப்பு மணிக்குக் குரைக்கும், செருப்பைக் கடிக்கும், சோபாவை விட்டு இறங்க மறுக்கும். "முதலில் சாதுவாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது" என்று திருப்பிக் கொண்டுபோய் விடுபவர்கள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் அதைச் செய்கிறார்கள். உண்மையில் அந்த நாய் அப்போதுதான் அச்சம் நீங்கி, இது தன் வீடு என்று நினைக்கத் தொடங்கியிருக்கிறது. பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொடுப்பதற்கு ஏற்ற காலமும் அதுவே. மூன்று மாதங்கள் வரை அதைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை என்று நீங்கள் எல்லோரும் முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்றழைக்கும் இந்தியன் ஸ்பிட்ஸாக அது இருக்கலாம். வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது கடினமாக இருந்த 1980களிலும் 90களிலும் நடுத்தர வர்க்க வீடுகளில் இந்த வகைதான் நிறைந்திருந்தது. பிறகு மோகம் பக், ஷிட்சு போன்ற வெளிநாட்டு இனங்கள் என்று மாறிக்கொண்டே போயிற்று. ஸ்பிட்ஸ் நன்றாகக் குரைக்கும், அதை மறைப்பதற்கில்லை. கழுத்தில் பெல்ட் கட்டி இழுத்தால் இவ்வகைச் சிறிய நாய்களுக்கு மூச்சுக்குழல் பாதிக்கப்பட்டு வறட்டு இருமல் வரக்கூடும். எனவே மார்பைச் சுற்றிப் போடும் பட்டையே நல்லது. கோடையில் இரக்கப்பட்டு முடியை ஒட்ட மழித்துவிடாதீர்கள். அந்த இரண்டடுக்கு முடிதான் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. பல்லில் காறை படிந்திருக்கிறதா என்றும், சென்னையில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் உண்ணிக்காய்ச்சல் இருக்கிறதா என்றும் முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள். ஈறு வெளிறி, சாப்பாட்டில் ஆர்வம் குறைந்தால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

குட்டி எடுத்தால்தான் ஒட்டும் என்பதில் உண்மை குறைவு, உழைப்பு அதிகம். காப்பகத்தில் இருப்பவை பெரும்பாலும் நாட்டு நாய்க் குட்டிகள். கைக்குள் அடங்கும் அந்தக் குட்டி ஓராண்டில் பதினைந்து இருபது கிலோவாக வளர்ந்து நிற்கும். பார்வோ வைரஸ் நோய்க்கான தடுப்பூசிகள் முடியும்வரை அதை வெளியே இறக்க முடியாது. இரவில் எழுந்து துடைக்க வேண்டும். எழுபதைக் கடந்தவர் நடமாடும் வீட்டில், ஈரத் தரையையும் கால்களுக்கிடையே ஓடும் குட்டியையும் நினைத்துப் பாருங்கள். இந்த ஆபத்து வளர்ந்த சிறிய நாயிடமும் உண்டு என்பதால் அதன் பட்டையில் ஒரு சிறு மணியைக் கட்டிவிடுங்கள்.

உங்கள் கணவரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் கேள்வி கேட்காமல் நாயைக் கொடுக்கும் இடத்தைத்தான் நான் சந்தேகிப்பேன். கருத்தடை செய்தே கொடுப்போம் என்று காப்பகங்கள் பிடிக்கும் பிடிவாதத்துக்கும் இந்நகரில் ஒரு வரலாறு இருக்கிறது. 1990களின் நடுப்பகுதிவரை சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யுங்கள் என்று புளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புகள் 1960களிலிருந்து வலியுறுத்தி வந்ததன் பயனாகவே அது நின்றது.

குடியிருப்போர் சங்கம் மறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. வளர்ப்பு நாயைச் சங்கங்கள் தடைசெய்ய முடியாது என்று 2021இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாநகராட்சி உரிமத்தை மட்டும் தவறாமல் பெற்றுவிடுங்கள்.

மாமியாரின் ஐயத்தை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். கடித்ததற்காகக் கைவிடப்படும் நாய்களும் உண்டு. இது யாரையாவது கடித்ததா, சாப்பிடும்போது அருகில் சென்றால் உறுமுகிறதா என்று காப்பகத்தில் வெளிப்படையாகக் கேளுங்கள். முடிந்தால் அவரையும் உடன் அழைத்துச் சென்று, அந்தப் பதிலை அவர் காதாலேயே கேட்கச் செய்யுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, ஆண்டுதோறும் தொடருங்கள். தடுப்பூசி போட்ட நாயானாலும் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். இதை மகளிடம் நீங்களே தனியாகச் சொல்லுங்கள். சொன்னால் நாயைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து குழந்தைகள் கீறலை மறைப்பதுண்டு. அதற்காக அனுப்பமாட்டோம் என்ற உறுதியை, நாய் வருவதற்கு முன்பே அவளுக்குக் கொடுத்துவிடுங்கள்.