ஹெரால்டுக்கு ஃபைபர் பானெட்

கேள்வி: எங்கப்பாரு காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருங்க, தகரம் அரிச்சுப்போச்சுன்னு முந்தியே ஃபைபர் பானெட் மாட்டியிருக்காங்க. இப்ப கீல் பக்கம் விரிசல், கதவுப்பக்கம் இடைவெளியும் கோணல். பட்டி போட்டா போதுமுங்களா?
- வாசகர், கோபி

பதில்: பட்டி வேண்டாமுங்க, ரெண்டு மாசத்துல மறுபடி வாயைத் தொறந்துக்கும். அடிப்பக்கமிருந்துதான் வைத்தியம். பெயிண்டு, அழுக்கு எல்லாம் போக 80 நம்பர் பேப்பர்ல தேய்ச்சு, விரிசலச் சுத்தி அகலமா சரிவாக்கி, ஃபைபர் மேட்டை ஒன்னுமேல ஒன்னு பெருசாக்கிட்டே வெச்சு ரெசின்ங்கற பசையைத் தடவி, காத்துக்குமிழ் இல்லாம பிரஷ்ல குத்திக் குத்தி அமுக்கோணும். ரெசின் 100 கிராமுக்கு அதை இறுக வெக்கற ஹார்ட்னர் 1லிருந்து 2 கிராம், நம்மூரு சித்திரை வெயில்னா 1 போதும், இல்லீனா டப்பாவுலயே கல்லாயிரும். ரெசின் சீக்கிரம் இறுகறதுக்குச் சேக்கற கோபால்டையும் ஹார்ட்னரையும் நேரா ஒன்னா ஊத்தீராதீங்க, வெடிச்சுப்போடும்! கோபால்டை முதல்ல ரெசின்ல நல்லா கலக்கிட்டு அப்பறம்தான் ஹார்ட்னர்.

ஹெரால்டு பானெட் மட்கார்டோட சேந்து முன்னால கவுருமுங்களே, அத்தனை பாரமும் கீல்லதான், அதனால போல்ட்டுக்கு அடியில இரும்புத் தகடும் பெரிய வாஷரும் வேணும், ஓட்டையும் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும். போல்ட்டை லூசா விட்டு, பானெட்டை மூடி, கதவு இடைவெளி ரெண்டு பக்கமும் பாத்து நகத்தி வெச்ச பொறவு முறுக்குங்க. பெயிண்டு கடைசிலதான், பல பேரு முதல்லயே அடிச்சுட்டு வந்து நிக்கறாங்க.

ஹெட்லைட் மங்கலா எரிஞ்சா பல்பை மாத்தீட்டு இருக்காதீங்க, ஃபைபர்ல கரண்ட் ஓடாது, எர்த் ஒயரை தனியா சேசிஸுக்கு இழுத்துருங்க.