லேகோலேண்டுக்குப் பணம் கட்டுமுன் பஸ்ஸைப் பாருங்கள்

கேள்வி: ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறையில் 38 பேர் சேர்ந்து ஜொகூரில் இருக்கும் லேகோலேண்டு விளையாட்டுப் பூங்காவுக்குப் போவதாக இருக்கிறோம். தெரிந்தவர் ஒருவர் பஸ், டிக்கெட், சாப்பாடு எல்லாம் அடக்கி தலைக்கு 260 வெள்ளி என்கிறார். முழுப் பணத்தையும் இந்த வாரமே அவர் கணக்கில் போட வேண்டுமாம். எல்லோருடைய ஐசியையும் (அடையாள அட்டையையும்) படம் எடுத்து வாட்சாப்பில் அனுப்ப வேண்டுமாம். காலை ஆறு மணிக்குப் புறப்பாடு, மாலை மூன்றரைக்கெல்லாம் பார்க்கை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்கிறார். என் மாமியாருக்கு 71 வயது, சிவப்பு ஐசி. சின்னவனுக்கு இரண்டரை வயது. நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: இந்த வாரம் கொடுக்காதீர்கள் அம்மா. அந்த ஆள் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே நான்கு இடம் இடிக்கிறது.

முதலில் அந்த மூன்றரை மணி. லேகோலேண்டு காலை பத்து மணிக்குத்தான் திறக்கும், மாலை ஆறு வரை ஓடும். ரெங்கத்திலிருந்து சிம்பாங் ரெங்கம் டோல் ஏறி இஸ்கந்தர் புத்ரி போக ஒன்றரை மணி நேரம் தாராளம். அப்படியிருக்க ஆறு மணிக்கே கிளப்பி மூன்றரைக்குத் திருப்புகிறார் என்றால், அந்த பஸ்ஸுக்குச் சாயங்காலம் வேறு வேலை இருக்கிறது. அது இரவு ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பேக்டரி பஸ்ஸாக இருக்கும் என்பது என் கணிப்பு. பேக்டரி பஸ்ஸுக்கும் பள்ளி பஸ்ஸுக்கும் தரும் பெர்மிட் வேறு, சுற்றுலா பஸ்ஸுக்குத் தருவது வேறு. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அந்த பெர்மிட்டைத்தான். பஸ்ஸைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உடம்பில் 'பாஸ் பெர்சியாரான்' (சுற்றுலா பஸ்) என்று எழுதியிருக்க வேண்டும். 'பாஸ் பெக்கெர்ஜா' (தொழிலாளர் பஸ்), 'பாஸ் செக்கோலா' (பள்ளி பஸ்) என்றிருந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். எத்தனை இருக்கை என்றும் கேளுங்கள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம். 2013 ஆகஸ்டில் கெந்திங் மலையிலிருந்து இறங்கி வந்த பஸ் சின் சுவீ கோயில் அருகே பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய பஸ் அது. அதற்குப் பிறகும் நம் ஆட்கள் மலிவு பஸ்ஸைத்தான் தேடுகிறார்கள்.

அடுத்தது அந்த ஆள். "எஸ்எஸ்எம் பதிவு இருக்கிறது" என்று நிறுவனப் பதிவகத்தின் ஒரு தாளைக் காட்டுவார். அது கடை வைத்திருக்கிறார் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. பணம் வாங்கிக்கொண்டு சுற்றுலா ஏற்பாட்டைத் தொழிலாகச் செய்கிறவருக்கு 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். கேபிகே/எல்என் (KPK/LN) என்று தொடங்கும் எண் அது. சுற்றுலா அமைச்சின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம். தமிழ் மட்டும் படித்துவிட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பஸ்ஸே போய்விடும், அது வேறு கதை. உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் போனைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கூடவே அவர் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீசின் 'செமாக் மியூல்' (Semak Mule) பக்கத்திலும் தட்டிப் பாருங்கள். அதில் பெயர் வராவிட்டால் நல்லவர் என்று நினைத்துவிட வேண்டாம். இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பஸ்ஸுக்கு மட்டும் ஒரு பகுதி கொடுங்கள். ரசீதில் அவர் முழுப் பெயர், ஐசி எண், முகவரி மூன்றும் இருக்கட்டும். ஏன் இவ்வளவு கறார்? பிரச்சினை வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் "நம்ம கிராணி மச்சான்" என்று எழுதினால் சம்மன் யாருக்குப் போகும்? பணம் போட்ட பிறகு ஆள் போனை எடுக்கவில்லை என்றால் ஒரு நாள் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அடியுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் வங்கி தடுக்க முடியும்.

ஐசி படம் வேண்டவே வேண்டாம். வாசலில் உங்கள் கையில் ஐசி இருந்தால் போதும். அவர் போனில் 38 பேருடைய ஐசி எதற்கு?

டிக்கெட்டைப் பார்க்கின் சொந்த இணையப் பக்கத்திலேயே வாங்குங்கள். 38 பேர் என்பதால் குழு விலை உண்டா என்று நேராக எழுதிக் கேளுங்கள். இங்கேதான் இடைத்தரகருக்கு லாபம். மூன்று வயது நிரம்பாத உங்கள் சின்னவனுக்கு டிக்கெட்டே தேவையில்லை. 60 தாண்டிய மாமியாருக்கு மூத்தோர் விலை. ஆனால் அந்த ஆள் எல்லோருக்கும் ஒரே 260 போட்டிருக்கிறார். மீதி எங்கே போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி மாமியாரின் சிவப்பு ஐசி. இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். பார்க்குகளில் "மலேசியர் விலை" என்று ஒன்று உண்டு. அதற்கு அத்தாட்சி நீல நிற மைகார்டு. சிவப்பு ஐசி என்பது மைபிஆர், நிரந்தரவாசிக்கு உரியது. மலேசியர் விலையைச் சில இடங்களில் மைபிஆருக்கும் தருவார்கள், சில இடங்களில் தர மாட்டார்கள். விதி பார்க்குக்குப் பார்க் மாறும், சலுகைக்குச் சலுகையும் மாறும். இடைத்தரகர் இதையெல்லாம் பார்க்காமல் எல்லோருக்கும் மைகார்டு டிக்கெட் வாங்கிவிடுவார். வாசலில் அட்டையைக் கேட்கும்போது கிழவியை மட்டும் ஓரமாக நிறுத்துவார்கள், வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள், பின்னால் வரிசை முணுமுணுக்கும். ஆகவே பார்க்குக்கு மின்னஞ்சலில் "மைபிஆர், வயது 71, எந்த டிக்கெட்?" என்று கேட்டு, வந்த பதிலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தனியாகவே டிக்கெட் எடுங்கள். நகல் வேண்டாம், அசல் அட்டை கையில் இருக்கட்டும். பச்சை நிற மைகாஸ் (தற்காலிகவாசி அட்டை) வைத்திருப்பவர் யாராவது கூட வந்தால் அவருக்கும் இதே வழிதான். மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) முன்பு பிறந்து, ஆயுள் முழுக்க இந்த மண்ணில் ரப்பர் பால் வெட்டிய தலைமுறைக்கு இன்னும் சிவப்பு அட்டை. கடைசியில் ஒரு விளையாட்டுப் பூங்கா வாசலில் போய் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவிலாகாவில் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

பார்க்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காகக் கட்டியது. பதினாறு வயதுப் பையன்கள் மதியத்திலேயே சலித்துப் போவார்கள், அவர்களுக்கு கெந்திங்கோ சன்வே லகூனோ சரி. ஒவ்வொரு ரைடுக்கும் உயர அளவு உண்டு. பிள்ளைகளை வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்துகொண்டு போனால் அங்கே அழுகை குறையும். தண்ணீர்ப் பூங்காவுக்குத் தனி டிக்கெட், "எல்லாம் அடக்கம்" என்பதில் அது அடக்கமா என்று கேளுங்கள். அந்தச் 'சாப்பாடு அடக்கம்' பெரும்பாலும் வழியில் ஒரு பொட்டலம்தான். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், புளிச்சோறு பஸ்ஸிலேயே இருக்கட்டும்.

கடைசியாக நாள். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறு. சிங்கப்பூர்க்காரர்களும் கோலாலம்பூர்க்காரர்களும் வரும் அதே இரண்டு நாள். வார நாளில் போங்கள். ஆண்டிறுதி விடுமுறை என்றால் மழைக்காலம், மதியத்துக்கு மேல் இடி இடித்தால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அதற்காகக் காசு திரும்பாது. பத்து மணிக்கு உள்ளே நுழைந்ததும் அவற்றை முதலில் முடித்துவிடுங்கள். லேகோ கட்டையில் செய்த இரட்டைக் கோபுரமெல்லாம் இருக்கும் மினிலேண்டும் வெட்டவெளிதான், மாமியாரை உச்சி வெயிலுக்கு முன்பே அங்கே அழைத்துப் போய்விடுங்கள்.