பழைய கணினியும் புதிய பிரிண்டரும்: முனைமாற்றி போட்டால் சரிவருமா?

விசுவமடுவில் நெல் ஆலை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மீள்குடியேறிய பிறகு 2011இல் ஒரு பழைய கணினி வாங்கினேன். விண்டோஸ் 98. நெல் நிறுத்துப் பற்றுச்சீட்டு அடிக்கும் டொஸ் நிரல் அதில்தான் இருக்கிறது. ஊசியால் குத்தி அச்சடிக்கும் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர் பழுதாகிவிட்டதால் யூ.எஸ்.பி. லேசர் பிரிண்டர் ஒன்றை வாங்கினேன். கணினியில் யூ.எஸ்.பி. துளை இல்லை என்பதால் வவுனியாவில் யூ.எஸ்.பி. – பரலல் கேபிளும் வாங்கினேன். இரு பக்கமும் பொருந்தவில்லை. நடுவில் முனைமாற்றி (அடப்டர்) போட்டால் சரிவருமா?”

சரிவராது. முனைமாற்றிக்கும் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கையில் இருக்கும் கேபிள் ஒருவழிப் பாதை. புதிய கணினியின் யூ.எஸ்.பி.யிலிருந்து பழைய பிரிண்டருக்குப் போவதற்காகச் செய்யப்பட்டது அது. நீங்கள் கேட்பதோ எதிர்த்திசை. யூ.எஸ்.பி.யில் ஒரு பக்கம் எசமான், மறுபக்கம் ஏவல் கேட்பவர். “நீ யார், என்ன வேலை தெரியும்?” என்று எசமான் கேட்டு, பதில் வந்த பிறகுதான் பிரிண்டர் அசையும். பழைய கணினியின் 25 துளைப் பரலல் போர்ட்டுக்கு அந்தப் பேச்சே தெரியாது. எட்டுக் கம்பிகளில் ஓர் எழுத்தை வைத்து, ‘எடுத்துக்கொள்’ என்று இன்னொரு கம்பியில் தட்டும். ‘வேலையாக இருக்கிறேன்’ என்று பிரிண்டர் சொன்னால் காத்திருக்கும். அவ்வளவுதான். போரின்போது பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். கம்பியோடு கம்பியை முடிந்தால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை நமக்கு இலேசில் போகாது. ஆனால் இங்கே குறைவது கம்பியல்ல. நடுவில் நின்று எசமான் வேலை பார்க்க, சொந்தச் செயலியும் மின்சாரமும் கொண்ட தனிப்பெட்டி வேண்டும். அப்படிப்பட்டவை அரிது, விலையும் அதிகம்.

பெட்டி கிடைத்தாலும் தொல்லை தீராது. மலிவு விலை லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்கு எழுத்தை எழுத்தாக அனுப்பினால் விளங்காது. கணினியில் இருக்கும் டிரைவர் என்ற மென்பொருள்தான் முழுப் பக்கத்தையும் படமாக வரைந்து கொடுக்க வேண்டும். உங்கள் டொஸ் நிரல் வெறும் எழுத்துகளைத்தான் எல்பிடி1 என்ற பரலல் போர்ட்டில் கொட்டும். பிரிண்டர் பேசாமல் இருக்கும், அல்லது கிறுக்கலாகத் தள்ளும். பழைய கணினியில் யூ.எஸ்.பி. அட்டை ஒன்றைச் செருகலாமே என்று யாராவது சொல்வார்கள். அட்டை வேலை செய்யலாம். ஆனால் இன்றைய பிரிண்டருக்கு விண்டோஸ் 98 டிரைவர் தேடுவது வீண் அலைச்சல்.

என் யோசனை வேறு. இப்போதும் பரலல் போர்ட்டோடு புதிய டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர்கள் வருகின்றன. எப்சன் எல்எக்ஸ்-310 ஓர் உதாரணம்: 9 ஊசி, வரிக்கு 80 எழுத்து, பரலலும் யூ.எஸ்.பி.யும் இரண்டும் உண்டு. நாளைக்குக் கணினியை மாற்றினாலும் பிரிண்டர் கூடவே வரும். இன்னொன்றையும் யோசியுங்கள். விவசாயிக்கு ஒரு பிரதி, ஆலைக்கு ஒரு பிரதி என்று கார்பன் வைத்துத்தானே பற்றுச்சீட்டு அடிப்பீர்கள்? ஊசி குத்தினால்தான் கார்பனில் எழுத்து விழும், லேசரில் விழாது. கடைக்காரர் லேசரைத் திருப்பி எடுப்பாரானால் கொடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் கடிதம் அடிக்க வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வேறொரு கணினியில். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கடிதங்களும் அங்கே திறக்கும். அந்த எழுத்துருவையும் சேர்த்துக் கொண்டுபோனால் போதும்.

பொருத்தும்போது கணினி, பிரிண்டர் இரண்டையும் அணைத்துவிட்டே பரலல் கேபிளைச் செருகுங்கள். யூ.எஸ்.பி. போல ஓடும்போது செருகிக் கழற்றினால் போர்ட் எரிந்துபோகக்கூடும். கணினியின் பின்புறம் 25 துளைகள் உள்ளதுதான் பரலல் போர்ட். 25 ஊசிகள் நீட்டிக்கொண்டிருப்பது சீரியல் போர்ட். அதில் வரும் மின்னழுத்தமே வேறு, முனைமாற்றி வைத்து அதில் பொருத்திவிட வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் அச்சு வராவிட்டால் திகதியைப் பாருங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் கணினி பழைய ஆண்டுக்கே திரும்புகிறதென்றால், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பற்றரி தீர்ந்திருக்கிறது. அதோடு பரலல் போர்ட்டின் அமைப்பும் மாறியிருக்கலாம். அனேகமாக சிஆர்2032 தான். பழையதைக் கழற்றி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். புதியதைப் போட்டபின், விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் பயோஸ் அமைப்புக்குள் போய், எல்பிடி1 இயங்குநிலையில் இருக்கிறதா, முகவரி 378 தானா என்று பாருங்கள். காலபோக அறுவடை தொடங்கி வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசை கட்டுமுன் இதை முடித்துவிடுங்கள். கையோடு ஹார்ட் டிஸ்கிலுள்ள கணக்கையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். அந்த டிஸ்குக்கும் உங்கள் கணினியின் வயதுதான்.