ஆணி அடிக்கக் கூடாத வீடு

அன்புள்ள அக்கா,

கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. சென்னை பெருங்களத்தூரில் வாடகை வீடு, இரண்டாம் மாடி. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். நாலு பக்கமும் வெள்ளைச் சுவர், மேலே டியூப்லைட். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் இன்னோர் ஆபீஸுக்குள் நுழைகிற மாதிரி இருக்கிறது. சுவரில் ஒட்டும் ஸ்டிக்கர், கயிற்றை முடிச்சு முடிச்சாகப் பின்னிய மக்ரமே தொங்கல் என்று மூவாயிரம் ரூபாய்க்கு கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன். வாங்கலாமா? கணவரின் பாட்டி கொடுத்த பருத்திப் புடவைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. கட்டவும் தோன்றவில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. கையால் செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். தையல் மெஷின் இல்லை, பொறுமையும் கொஞ்சம்தான்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த ஸ்டிக்கரை கார்ட்டிலிருந்து எடுங்கள். நானும் ஒட்டியவள்தான். கிளையில் இரண்டு குருவி உட்கார்ந்திருக்கும். வீடு காலி செய்யும்போது உரித்தால் பெயிண்டும் கூடவே வந்துவிட்டது, சுவரில் அதே கிளை, அதே குருவிகள், இப்போது சிமென்ட் நிறத்தில். அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். மக்ரமே அழகுதான், ஆனால் உங்கள் பக்கத்து ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலைப் புழுதிக்கு ஒரே மாதத்தில் ஒட்டடையா தொங்கலா என்று தெரியாமல் போய்விடும்.

ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்கிறீர்களே, அது டியூப்லைட்டின் வேலை. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பாருங்கள், பெரும்பாலும் 6500 கே என்று இருக்கும், நீலம் கலந்த வெள்ளை. 2700 அல்லது 3000 கே என்று போட்டது, கடையில் வார்ம் ஒயிட் என்று கேட்டால் கொடுப்பார்கள், பழைய குண்டு பல்பின் மஞ்சள். டியூப்லைட்டைக் கழற்ற வேண்டாம், அரிசியில் கல் பார்க்க அது வேண்டும். எலக்ட்ரிக்கல் கடையில் சின்னப் பலகையில் பல்பு மாட்டும் பேட்டன் ஹோல்டரைப் பொருத்தி, ஒயரும் பிளக்கும் மாட்டித் தரச் சொல்லுங்கள். 5 வாட் எல்.இ.டி. போதும். ஹாலின் ஒரு மூலையில் தரையில் அதை வைத்து, கண் கண்ணாகப் பின்னிய மூங்கில் கூடையை மேலே கவிழ்த்துவிடுங்கள். பல்பு கூடையைத் தொடக் கூடாது, ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும், பழைய குண்டு பல்பை இதில் போடவே போடாதீர்கள். சுவிட்சைப் போட்டுவிட்டு சுவரைப் பாருங்கள். கூடையின் பின்னல் நிழலாகக் கூரை வரைக்கும் ஏறியிருக்கும். ஆணி அடிக்காத சுவருக்கு இதைவிட வேறு என்ன படம் மாட்டுவது?

போட்டோக்களுக்கு ஜன்னல் கம்பி இருக்கிறதே. ஒரு சணல் கயிற்றைக் குறுக்கே கட்டி, துணி கிளிப்பில் மாட்டுங்கள். சாரல் படாத ஜன்னலாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சரி, புடவைக்கு வருவோம். எனக்கு இதில்தான் பேச ஆசை.

போர்வை தையுங்கள். மெஷின் வேண்டாம், அதில் அடுக்குகள் நகர்ந்து சுருக்கம் விழும், கைத்தையலே நல்லது. கணக்கு ரொம்பச் சுலபம். புடவை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். மூன்றாக மடித்தால் ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்று மேல், ஒருவர் போர்த்திக்கொள்ள அளவாக இருக்கும். சென்னைக்கு மூன்று அடுக்கு தாராளம், அதற்கு மேல் போனால் ஊசி ஏறாது, விரல்தான் போகும். ஒரே புடவையை மடிக்காமல் மூன்று புடவைகளைத் துண்டாக்கி மேலே ஒன்று, கீழே ஒன்று, கிழிந்ததை நடுவில் என்று வைத்தால் இன்னும் அழகு.

வெட்டும் முன் எல்லாவற்றையும் ஒரு தரம் அலசிக் காய வையுங்கள். கரையோரம் ஃபால்ஸ் இருந்தால் பிரித்துவிடுங்கள். பாதி பாலியெஸ்டர் கலந்ததைச் சேர்க்காதீர்கள், பருத்தி சுருங்கும், அது சுருங்காது, அப்புறம் போர்வை அப்பளம் மாதிரி வளையும். தரையில் விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டே, பெரிய பெரிய தையலாகப் போட்டு அடுக்குகளை நிறுத்துங்கள். இதை அப்புறம் பிரித்துவிடலாம். பிறகு நிஜத் தையல், ஊசி மேலே வந்து கீழே போகிற சாதாரண ஓட்டம்தான், இரண்டு விரல் இடைவெளியில் வரி வரியாக. நூலை ரொம்ப நீளமாகக் கோக்காதீர்கள், சிக்கும். பாதி தைத்ததும் துணி அலை அலையாகச் சுருங்க ஆரம்பிக்கும், தப்பு செய்துவிட்டோமோ என்று பயப்படாதீர்கள், அந்தச் சுருக்கம்தான் அதன் அழகே.

வங்காளத்தில் காந்தா என்பது இதேதான், பழைய புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்களாம். கர்நாடகத்தின் ஹளியாள், எல்லாப்பூர் பக்கம் வாழும் சித்தி என்னும் ஆப்பிரிக்க வம்சாவளி இனப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வை இன்னொரு தினுசு, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள், நாலு மூலையிலும் துணியைச் சின்ன முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பார்கள். அந்த முக்கோணம் இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறதென்று அவர்களுக்குத் தோன்றுமாம். நான் இரண்டாவது போர்வைக்கு அந்த முறையைத்தான் பிடித்தேன், எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. நம் ஊரிலும் பிறந்த குழந்தைக்குப் பழம்புடவையை மடித்துத் தைத்துப் போடாத வீடு உண்டா என்ன?

பொறுமை கொஞ்சம்தான் என்றீர்கள். எனக்கும் அப்படித்தான். டிவி பார்க்கும்போது நாலு வரி என்று வைத்துக்கொண்டேன், ஒன்றரை மாதத்தில் முடிந்தது. முதல் போர்வையில் தையல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போயிருக்கும், அதை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

கத்திரிக்கோலை எடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பெட்டியைப் பாட்டி முன்னால் திறந்து எதை வெட்டலாம், எதைக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. என் மாமியாரின் புடவைகளில் நைந்துபோன பச்சைக் கட்டம் போட்ட ஒன்றை நானே எடுத்து வெட்டிவிட்டேன். தைத்து முடித்ததும் பெருமையாகக் காட்டினேன். அவர் மடியில் விரித்துப் போட்டு, அந்தப் பச்சைத் துண்டு வரும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, "இது இவனுக்குத் தூளி கட்டின புடவை" என்றார். திட்டவெல்லாம் இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது போர்வையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். நாலு வருஷமாகிறது, திருப்பிக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அன்புடன்,
அக்கா