பழைய கேசட்ல குரல் மந்தமா வருதா? டேப் மேல பழி போடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கேள்வி இதுதான்: வீட்ல ஒரு பழைய ஸ்டீரியோ கேசட் டெக் இருக்கு, பாட்டி பாடினது பேசினது எல்லாம் அந்தக் காலத்து மோனோ டேப் ரெக்கார்டர்ல பதிஞ்ச கேசட்டா இருக்கு, அதை லேப்டாப்புக்கு மாத்தணும். ஆனா குரல் மந்தமா இருக்கு, நடுநடுவுல இழுக்குது, ரெக்கார்ட் பண்ணா கூடவே உம்ம்னு ஒரு சத்தம் வருது. டேப் போயிடுச்சா?

பெரும்பாலும் டேப் போயிருக்காதுங்க. ஒண்ணே ஒண்ணு, பாட்டி கேசட்டை இப்போதைக்கு டெக்ல போடாதீங்க. போனா பரவாயில்லைங்கற மாதிரி ஒரு பாட்டு கேசட்டை வச்சு எல்லா டெஸ்டும் பண்ணுங்க. அதுவும் மந்தமா வந்தா கோளாறு டெக்ல, அது பளிச்சுனு வந்து பாட்டி கேசட் மட்டும் மந்தமா இருந்தா அது வேற கதை, கீழ சொல்றேன்.

ஸ்க்ரூ டிரைவர் எடுக்குறதுக்கு முன்னாடி முன்பக்க பட்டனைப் பாருங்க. டால்பி (டேப்போட இரைச்சலைக் குறைக்கிற வசதி) ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, சாதா மோனோ ரெக்கார்டர்ல பதிஞ்சதுக்கு டால்பியே கிடையாது, அதை ஆன்ல வச்சுக் கேட்டா மேல் ஸ்தாயி எல்லாம் அமுங்கிப் போயிடும். டேப் டைப் சுவிட்ச் நார்மல்ல இருக்கணும், குரோம்ல இருந்தாலும் சத்தம் மங்கும்.

அடுத்தது ஹெட், அதாவது டேப் உரசி ஓடுற, அதுல பதிஞ்சதைப் படிக்கிற பாகம், முக்கால்வாசி பிரச்சனை இங்கதான். கேசட் டேப் ஒரு செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடுது, அதனால 10,000 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு அலை டேப்ல 5 மைக்ரான் கூட இருக்காது. ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவுல ஒரு மைக்ரான் அழுக்கு நின்னாலே அந்த 10,000 ஹெர்ட்ஸ் சத்தத்துல 11 டெசிபல் கிட்ட குறைஞ்சு போயிடும், "ச", "ஸ" எல்லாம் காணாம போயி யாரோ போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு, 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல இயர் பட்ஸை லேசா நனைச்சு ஹெட்டைத் துடைங்க, பஞ்சுல பிரவுன் கலர் வர்றது நிக்கிற வரைக்கும். பக்கத்துல பளபளன்னு நிக்கிற கேப்ஸ்டன் கம்பி, அதை அழுத்துற ரப்பர் பிஞ்ச் ரோலர் ரெண்டையும் சேர்த்துத் துடைங்க. தண்ணி கலந்த ஸ்பிரிட் வேண்டாம், நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்னுடும். நல்லா காஞ்ச பிறகுதான் கேசட் போடணும்.

இழுவைக்கு பெரும்பாலும் காரணம் வழுக்குற பிஞ்ச் ரோலர், இல்ல தளர்ந்துபோன பெல்ட். துடைச்சும் போகலைன்னா பெல்ட் மாத்துங்க, சில டெக்ல அது உருகி தாரு மாதிரி ஒட்டிட்டிருக்கும். பெல்ட் மாத்தாம மோட்டார் ஸ்பீடு ஸ்க்ரூவைத் தொடாதீங்க.

இப்போ பாட்டி கேசட்டைப் போடலாம், ஆனா முதல்ல அதோட வாய்ப் பக்கம் நடுவுல பாருங்க, சின்ன செம்புத் தகட்டு மேல ஒரு ஃபெல்ட் பேட் ஒட்டியிருக்கும். அது விழுந்திருந்தா டேப் ஹெட்டோட சரியா ஒட்டாது, சத்தம் மங்கும், ஏறி இறங்கும். ஸ்க்ரூ போட்ட வேற கேசட் கூட்டுக்குள்ள டேப்பை மாத்திடலாம். பேட் நல்லா இருந்தா ஒரு தடவை முழுசா ஃபார்வர்டு, ரிவைண்ட் ஓட்டுங்க, வருஷக்கணக்கா இறுகின சுத்து தளரும்.

அப்பவும் அது மட்டும் மந்தம்னா அசிமத்தை, அதாவது டேப்புக்கு ஹெட் நிக்கிற சாய்வைப் பாருங்க. பதிஞ்ச ரெக்கார்டரோட ஹெட் சாய்வும் உங்க டெக்கோட சாய்வும் ஒத்துப்போகலைன்னு அர்த்தம். ஹெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும், அதுல ஸ்பிரிங் இருக்கறதை மட்டும்தான் தொடணும். பழைய நிலையை மார்க்கர்ல குறிச்சுக்கிட்டு, ரெண்டு சேனலையும் மோனோவா சேர்த்துக் கேட்டுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க, ஒரு இடத்துல குரல் சட்டுனு தெளியும், அங்க நிறுத்திடுங்க. முடிஞ்சதும் குறிச்ச இடத்துக்கே திருப்பி வச்சிடணும், இல்லைன்னா மத்த கேசட் எல்லாம் மந்தமாயிடும்.

உம்ம் சத்தத்துக்கு, லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரில ஓட்டிப் பாருங்க. நின்னுட்டா அது கிரவுண்ட் லூப், அதாவது டெக்கும் லேப்டாப்பும் எர்த் வழியாவும் ஒயர் வழியாவும் சேர்ந்து ஒரு வளையமாகி நம்ம கரண்டோட 50 ஹெர்ட்ஸ் உள்ள வருது, பேட்டரிலயே பதிஞ்சுடுங்க. நிக்கலைன்னா ஒயரையும் அதோட முனையையும் பாருங்க. லேப்டாப்போட மைக் ஓட்டைல மட்டும் செருகாதீங்க, அது மைக்கோட சின்ன சிக்னலுக்கானது, டெக்ல இருந்து வர்ற லெவலுக்குக் கரகரன்னு உடையும். லைன் இன் (டெக் மாதிரி மெஷின்ல இருந்து வர்ற சிக்னலுக்கான ஓட்டை) இருக்கற ஒரு சாதா யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்க, மீட்டர் அதிகபட்சம் மைனஸ் 6 டெசிபல் தாண்டாம வச்சு வேவ் ஃபைலா சேவ் பண்ணுங்க. இரைச்சல் குறைக்கிற வேலையெல்லாம் காப்பி எடுத்து அதுல பண்ணுங்க, அந்த முதல் ஃபைல்ல கை வைக்காதீங்க. ஓடும்போது டேப் கிறீச்னு கத்தினாலோ ஹெட்ல துகள் துகளா உதிர்ந்தாலோ உடனே நிறுத்திட்டு, பழைய டேப் மாத்திக் கொடுக்கறதே தொழிலா வச்சிருக்கறவங்ககிட்ட கொண்டு போங்க.