ஆற்காட்டின் பெயர் ஏன் தப்பியது?

அன்புள்ள ஐயா,

தென் வியட்நாமின் தலைநகரமாக இருந்த சைகோன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1975-ல் போர் முடிந்தது, மறு வருடமே அது ஹோ சி மின் நகரம் ஆகிவிட்டது. பெட்ரோகிராடு லெனின்கிராடு ஆனது. தோற்றவனின் தலைநகரத்துக்கு ஜெயித்தவன் பெயர் வைப்பதுதான் உலக வழக்கம் போலிருக்கிறது. எனக்கு ஊர் ஆற்காடு. நவாபுகளின் தலைநகரம். சந்தா சாகிப், கிளைவ், ஹைதர் அலி என்று ஆளாளுக்கு வந்து அடித்த ஊர். ஆனால் ஒருவரும் பெயரில் கைவைக்கவில்லை. போரே இல்லாத காலத்தில்தான் வட ஆற்காடு மாவட்டம் காணாமல் போனது. இன்று நாங்கள் ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு தாலுகா. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு வாசகர், ஆற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பெட்ரோகிராடை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற பெயரில் ஜெர்மன் வாடை அடிக்கிறது என்று 1914-ல், போர் தொடங்கிய கையோடு, ரஷ்யர்களே மாற்றிக்கொண்டது அது. 1918-ல் தலைநகரம் மாஸ்கோவுக்குப் போனது. லெனின் இறந்த பிறகு, 1924-ல், லெனின்கிராடு. 1991-ல் மறுபடி பழைய பெயர். இதில் ஜெயித்த அந்நியன் எங்கேயும் இல்லை.

ஜெயித்தவன் பெயரை விட்டுவைப்பதும் சகஜம்தான். 1453-ல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த துருக்கியர்கள் தங்கள் நாணயத்திலேயே அந்தப் பழைய பெயரைத்தான், கொஞ்சம் அரபு உச்சரிப்போடு, பல தலைமுறைக்கு அடித்தார்கள். தலைநகரம் 1923-ல் அங்காராவுக்குப் போய், அதற்கும் ஏழு வருடம் கழித்து 1930-ல்தான் இஸ்தான்புல் என்ற பெயரை மட்டுமே தபாலில் எழுத வேண்டும் என்று கறாராகச் சொன்னார்கள்.

நாணயம் என்றதும் உங்கள் ஊருக்கே வந்துவிடலாம். ஆற்காடு ரூபாய் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பெரும்பகுதி ஆற்காட்டில் அடித்ததே இல்லை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் மதராஸில் அடித்தான், பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியில் அடித்தான். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் இரண்டு பேரும் முகலாயப் பாதுஷா பெயரையும், பாரசீக எழுத்தில் ‘ஆர்காட்’ என்ற ஊர்ப் பெயரையும் பொறித்தார்கள். வங்காளம் வரை அந்தக் காசு ஓடியது. செல்லுபடியாகிற காசில் இருக்கும் பெயரை எந்த வியாபாரி மாற்றுவான்? 1751-ல் கிளைவ் ஐந்நூறு பேரோடு வந்து கோட்டையைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினாரே, அந்த வெற்றியின் பெயரால் ஊரை மாற்ற வேண்டிய தேவையே கம்பெனிக்கு வரவில்லை. நவாபின் பெயரில், நவாபின் காசில்தான் அவர்கள் பிழைப்பு நடந்தது.

பெயரை மாற்றிப் பார்த்தவர்களும் நம் பக்கத்தில் உண்டு. செஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பிஜாப்பூர் சுல்தானின் ஆட்கள் அதற்குப் பாதுஷாபாத் என்று பெயர் வைத்தார்கள். பிறகு மராட்டியர் கைக்குப் போய், சிவாஜியின் மகன் ராஜாராம் அங்கிருந்து ஆண்டார். எட்டு வருட முற்றுகைக்குப் பிறகு 1698-ல் முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் பிடித்ததும் அவருடைய நுஸ்ரத் ஜங் பட்டத்தை ஒட்டி நுஸ்ரத்கட் ஆனது. சரி, என்ன ஆயிற்று? அடுத்த சில வருடங்களில் தலைநகரமே ஆற்காட்டுக்கு வந்துவிட்டது. பெயர் வைத்தவர்கள் கிளம்பிப் போனார்கள், செஞ்சிக்காரர்கள் செஞ்சியிலேயே இருந்தார்கள்.

அங்கேயே இருப்பவர்கள் மாறினால்தான் பெயர் மாறி நிற்கும் என்பது என் எண்ணம். ஜெர்மானியர்களின் கோனிக்ஸ்பர்க் அப்படித்தான். பிரஷ்ய அரசர் 1701-ல் முடிசூடிய ஊர். இரண்டாம் உலகப்போரில் சோவியத் படை பிடித்தது, 1946-ல் கலினின்கிராடு ஆனது. மிச்சமிருந்த ஜெர்மானியர்களையும் சில வருடத்தில் வெளியேற்றிவிட்டார்கள். பழைய பெயரைச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. சைகோனில் ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் இன்றும் அங்கே ரயில் நிலையம் சைகோன், ஆறு சைகோன், விமானப் பயணச்சீட்டில் இருக்கும் குறியீடும் சைகோனின் சுருக்கமே. பலகையில் மட்டும்தான் ஹோ சி மின் ஜெயித்திருக்கிறார்.

நம் பாலாற்றங்கரையில் ஜெயித்தவர்கள் வேறு வழி கண்டார்கள். பழைய ஊரைத் தொடாமல் பக்கத்தில் பேட்டை போட்டு அதற்குப் பெயர் வைத்தார்கள். வாலாஜாபேட்டை நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர். ராணிப்பேட்டை அதைவிட விசேஷம். 1714-ல் செஞ்சி தேசிங்குராஜாவைப் போரில் வென்ற நவாப் சாதத்துல்லா கான், உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவி நினைவாக அமைத்த ஊர் என்கிறார்கள். தோற்றவன் மனைவிக்கு ஜெயித்தவன் ஊர் வைத்த கதை வேறெங்கும் நான் கேட்டதில்லை. அந்த மாவட்டத்தில் தாலுகாவாக இருப்பதில் உங்களுக்கு வருத்தம் வேண்டாம்.

ஆற்காட்டின் தலைநகர அந்தஸ்தை எடுத்துக்கொண்டது சென்னை. வாலாஜா 1768 வாக்கில் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடிபோனார். 1780-ல் ஹைதர் அலி ஆற்காட்டைப் பிடித்தபோது நவாப் அங்கே இல்லை. இன்றும் ஆற்காடு இளவரசர் என்ற பட்டம் இருக்கிறது, அவர் வீடு ராயப்பேட்டை அமீர் மகால். உங்களிடம் மிஞ்சியது பழைய கோட்டையின் வாசலான டெல்லி கேட்டும் மக்கன் பேடாவும். (பேடா விஷயத்தில் நீங்கள் தோற்கவில்லை.)

அப்புறம் அந்த வட ஆற்காடு. அதற்குத் தலைமையிடம் முதலில் சித்தூர், 1911-ல் சித்தூர் தனி மாவட்டமான பிறகு வேலூர். ஆற்காடு ஒருநாளும் இல்லை. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, மீதிக்கு அம்பேத்கர் பெயர் சேர்ந்தது, தொண்ணூறுகளில் எல்லாம் போய் வெறும் வேலூர் மாவட்டம், 2019-ல் அதுவும் மூன்றாக உடைந்தது. நிர்வாக வசதிக்குப் பிரித்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாத்தா காலத்துப் பத்திரத்தையோ கிராமக் கணக்கையோ தேடுகிற பிள்ளைகள் ராணிப்பேட்டை என்று தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். வட ஆற்காடு என்று தேடச் சொல்லுங்கள். 1911-க்கு முந்தையது என்றால் சித்தூரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.