கம்பெனி மூழ்கிவிட்டது, கார் மட்டும் புளோக் கீழே நிற்கிறது

கேள்வி (உட்லண்ட்ஸ்): நான்கு வருடமாகக் கம்பெனி கார் ஓட்டுகிறேன். போன மாதம் கம்பெனி நொடித்துப்போய் லிக்விடேட்டர் (கம்பெனியைக் கலைத்து, சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர்) வந்துவிட்டார். எனக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. "அஞ்சு வருஷம் இருந்தா கார் உனக்குத்தான்" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னவர். சம்பளத்துக்கு ஈடாகக் காரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது, ஆனால் கார் உங்களுடையது அல்ல. சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் இருப்பது கம்பெனி பெயர். தவணை பாக்கி இருந்தால் நிதி நிறுவனம்தான் முதலில் கை வைக்கும். நீதிமன்றம் கலைக்கச் சொன்ன கம்பெனி என்றால், கலைப்பு தொடங்கியபின் முதலாளியே எழுதிக் கொடுத்தாலும் நீதிமன்றம் ஒப்பாதவரை செல்லாது. வாயால் சொன்னதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சம்பளத்துக்கு வழி வேறு. சட்டம் சம்பள பாக்கியை ஒரு வரம்பு வரை முன்னுரிமைக் கடனாக வைத்திருக்கிறது; சாதாரணக் கடன்காரர்கள் உங்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். லிக்விடேட்டரிடம் கடன் சான்றுப் படிவம் (கம்பெனி உங்களுக்கு எவ்வளவு தரவேண்டும் என்று எழுதிக் கொடுப்பது) வாங்கி, சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு நகல் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். மத்திய சேமநிதிப் பணமும் போடாமல் விட்டிருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள்.

காரை லிக்விடேட்டருக்கு மின்னஞ்சல் அனுப்பி, நாள் குறித்து ஒப்படையுங்கள். நாலு பக்கமும் படம், மீட்டரில் ஓடிய கிலோமீட்டருக்கு ஒரு படம். இரண்டு சாவியையும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். சீசன் பார்க்கிங் உங்கள் காசில் போகிறதென்றால் ரத்து செய்யுங்கள். காரின் சாலைக் கட்டணக் கருவியில் செருகிய பணஅட்டை உங்களுடையதென்றால் உருவிக்கொள்ளுங்கள். காருக்குள் சேமித்த உங்கள் தொலைபேசி எண்களையும் அழித்துவிடுங்கள். பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): எங்கள் கம்பெனியும் அப்படித்தான். ஆனால் இதுவரை யாரும் காரைக் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக ஓட்டுகிறேன். பிரச்சினை இல்லையே?

பதில்: இருக்கிறது. ஓட்ட அனுமதி கொடுத்தவர் கம்பெனி. இப்போது அந்த அதிகாரம் லிக்விடேட்டரிடம். காப்புறுதி காலாவதியாகிவிட்டதா, ரத்தானதா என்று பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அந்த வார்த்தையே இல்லை. காப்புறுதி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 12 மாதம் உரிமம் போகும். சாவியை மேசைமேல் வையுங்கள்.

கேள்வி (செங்காங்): கம்பெனி காரை லிக்விடேட்டர் எனக்கே விற்கத் தயார். விலை மலிவு. வாங்கட்டுமா?

பதில்: எதோடு ஒப்பிட்டால் மலிவு? பேப்பர் வேல்யூ பார்த்தீர்களா? வாகன உரிமைச் சான்றிதழ் (காரைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வாங்கும் உரிமை) எத்தனை மாதம் மிச்சம், இன்று பதிவை நீக்கினால் அரசாங்கம் என்ன திருப்பித் தரும் (அதுதான் பேப்பர் வேல்யூ) என்ற கணக்கு முதலில். இப்படி விற்பவர்கள் இருக்கிற நிலையில் எடுத்துக்கொள் என்பார்கள், பின்னால் குறை சொல்ல வாய்ப்பு குறைவு. ஆகவே கார் பட்டறைகள் நிறைந்த சின் மிங் பக்கம் போய்ப் பரிசோதனைக்கு விட்டு, அறிக்கையைக் கையில் வாங்கிய பிறகு பேசுங்கள்.

எனக்கே புத்தி வந்தது பட்டபின்தான். ஐந்தாண்டுக்குச் சான்றிதழ் நீட்டித்த ஒரு காரை, முடிந்ததும் திரும்ப நீட்டிக்கலாம் என்று நினைத்து வாங்கினேன். ஐந்தாண்டு நீட்டிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேள்வி (பிடோக்): கார் விற்கும் கடையில் 8,000 வெள்ளி முன்பணம் கட்டினேன். கடை பூட்டிக் கிடக்கிறது. போன் எடுப்பதில்லை. என் மனைவி மூன்று நாளாகப் பேசவில்லை.

பதில்: ஐயா, முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், ஏமாந்தவர் மேல் தப்பு இல்லை. இனி வேலை. பிஸ்ஃபைலில் (அரசாங்கத்தின் நிறுவனப் பதிவு இணையத்தளம்) நிறுவனத்தின் நிலையைப் பாருங்கள். உயிரோடு இருந்தால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள். கலைப்பில் இருந்தால் நீங்களும் கடன் சான்று போடவேண்டிய வரிசை. அட்டையில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே எதிர்ப்புத் தெரிவியுங்கள். ஏமாற்றும் நோக்கம் தெரிந்தால் போலிசில் புகார். பயனீட்டாளர் சங்கத்துக்கும் சொல்லுங்கள்.

இந்த முன்பணம்தான் எனக்குத் தீராத வயிற்றுவலி. நொடிக்கிற கடை கடைசி நாள் வரை சிரித்துக்கொண்டே முன்பணம் வாங்கும். கூடவே ஒரு காபியும் தரும். பத்து முறை பாலிஷ் என்று 680 வெள்ளி பேக்கேஜ் கட்டியவன் நான். மூன்று முறை மட்டும்தான் பளபளத்தது. நாலாவது முறை போனபோது ஷட்டரில் ஒட்டிய காகிதம், அதற்கு முன் நின்றிருந்த பத்துப் பதினைந்து முட்டாள்கள். என்னையும் சேர்த்து எண்ணுங்கள். வங்கிக்கு அடமானம் இருக்கிறது, நமக்கு இருப்பது ரசீது. கடைக்காரர் தள்ளுபடி என்று அழுத்தினால், எவ்வளவு குறைவாகக் கட்டி நகர முடியும் என்று பாருங்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): ஒப்படைக்கும் கம்பெனி காரில் நான் போட்ட டயர்களைக் கழற்றிக்கொள்ளலாமா? கேமராவும் என்னுடையது.

பதில்: கேமராவுக்கு ரசீது இருந்தால் லிக்விடேட்டரிடம் கேட்டு எடுங்கள். டயரை விட்டுவிடுங்கள். அதைக் கழற்றினால் காரை எப்படி ஒப்படைப்பீர்கள், தோளில் தூக்கியா?